அங்கை எனக்கு ஒருத்தரும் இல்லை

சேசு மரி சூசை

வீடமைப்புக் களஞ்சியம்,
வவுனியா.
ஓகஸ்ட் 11

அன்புள்ள வசந்தினிக்கு,

இது என்ன புதுப் பழக்கம் என்று யோசிப்பீர். போன் எடுத்தால் "சாப்பிட்டீரோ" என்று கேட்டு முடிக்க முன்னமே சண்டை வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காகவாவது ஒருமுறை கையில் எடுப்பீர்தானே.

எனக்கு உடம்பு பரவாயில்லை. கடைச் சாப்பாடுதான் வயிற்றைப் படுத்துகிறது. நீர் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன்.

எழுதுவதற்கு ஒரு செய்தியும் உண்டு. நாட்டின் பொருளாதாரம் படுத்துவிட்டது, அதை எழுப்பிவிட வேண்டும் என்று அரசாங்கம் கொஞ்சம் காசு ஒதுக்கியிருக்கிறது. அந்தக் காசில் குருநகரில் உங்கள் தொடர்மாடியும் திருத்தப்படப் போகிறது. கொந்தராத்துக்காரரிடம் கொடுத்தால் பாதி அவர்களின் பைக்குள் போய்விடும் என்று, இந்த முறை அலுவலகத்தின் சொந்த வேலையாட்களைக் கொண்டே செய்விக்கிறார்கள். மேசன், தச்சன், பைப் வேலை எல்லாம் நாங்கள்தான். வருட முடிவுக்குள் செலவழிக்காவிட்டால் காசு கொழும்புக்குத் திரும்பிவிடுமாம். அதனால் மன்னார், வவுனியா என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் கட்டிடத்துக்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன். நீர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் இன்னும் எங்கள் குசினி அடுப்பு மூலையில் சொட்டுகிறதா? அதை மட்டுமாவது எழுதும்.

இதைக் கொண்டு வருகிற சுபாஸ் எங்கள் லொறிச் சாரதி. பதிலை அவரிடமே கொடுத்துவிடலாம்.

உம்முடைய
ஜெரிசன்

*

குருநகர்,
ஓகஸ்ட் 19

ஜெரிசன் அவர்களுக்கு,

சொட்டுகிறது. ஊரிலுள்ள பைப்பெல்லாம் திருத்திக்கொண்டு திரிகிற மனிதனின் வீட்டில்தான் சொட்டுகிறது. கீழே அலுமினியச் சட்டி வைத்திருக்கிறேன். இப்போது அந்தச் சத்தம் இல்லாவிட்டால் நித்திரை வராது என்ற அளவுக்குப் பழகிவிட்டது.

"எங்கள் குசினி" என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்தேன்.

எழுதத் தொடங்கியதால் நானும் ஒன்றை எழுதிவிடுகிறேன், போனில் சொன்னால் நீங்கள் இடையில் கத்துவீர்கள். வவுனியாவுக்கு உங்களுக்கு மாற்றம் வந்தபோது நான் வரமாட்டேன் என்றது உங்களில் உள்ள கோபத்தில் அல்ல. எழும்ப ஏலாமல் படுக்கையில் கிடந்த அப்பாவை மூன்று மாடி இறக்கி எங்கே கொண்டு போவது? "அப்ப உம்மடை அப்பாவோடையே இரும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இருந்தேன். போன வைகாசியில் அவரும் போய்விட்டார். நீங்கள் அடக்கத்தன்று சேமக்காலையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு பின்னேரம் வரை பார்த்திருந்தேன்.

வேலைக்கு வருவதென்றால் வாருங்கள். தொடர்மாடி அரசாங்கத்தின் சொத்து, நான் மறிக்க ஏலாது. முன்பள்ளியில் பிள்ளைகள் சுகம், நானும் சுகம். வயிற்றுக்குச் சீரகத் தண்ணீர் குடியுங்கள்.

வசந்தினி

*

குருநகர்,
செப்டம்பர் 8

ஜெரிசன் அவர்களுக்கு,

இன்று பூசை முடிந்ததும் வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் நீக்கிலாப்பிள்ளை கட்டிடத்துச் சனத்தைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார். புதிதாக வந்தவர், நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். எந்த வீடு முதல், தண்ணீர் எப்போது நிற்கும் என்றெல்லாம் விளக்கிவிட்டு இப்படிச் சொன்னார்:

"எங்கடை வேலையாக்கள் ஒருத்தருக்கும் உந்தக் கட்டிடத்திலை சொந்தபந்தம் இல்லை. நான் ஒவ்வொருத்தராய்க் கேட்டனான். பைப் வேலைக்கு வாற ஜெரிசன் 'அங்கை எனக்கு ஒருத்தரும் இல்லை' எண்டு சத்தியம் பண்ணாத குறையாய்ச் சொன்னவர்."

எல்லாப் பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து ஏதோ சொல்லப் போனேன். மேல்வீட்டு மரியநாயகி அக்கா என் சீலையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டா. "வாயைத் திறவாதை பிள்ளை, உவன் நல்ல வேலைகாரன். என்ரை கக்கூஸ் முடியட்டும், பிறகு சொல்லு" என்றா.

இந்த வீட்டுக்குத்தான் என்னைத் தாலி கட்டிக் கூட்டி வந்தீர்கள். ஒருத்தரும் இல்லையா? சரி. எனக்கும் உங்களைத் தெரியாது. வேலையை முடித்துவிட்டு வந்த வழியே போங்கள்.

வசந்தினி

*

கீழ்மாடி வெறும் வீடு,
செப்டம்பர் 13

வசந்தி,

கோபிக்காமல் கடைசி வரை வாசியும். நேற்று வந்து இறங்கினோம். எங்களை உங்கள் கட்டிடத்துக் கீழ்மாடியில் பூட்டிக் கிடந்த வீட்டில்தான் தங்க வைத்திருக்கிறார்கள். உம்முடைய செருப்புச் சத்தம் படியில் ஏறுவதைக் கேட்டேன். கதவைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. சொந்தக்காரர் இருக்கிற கட்டிடத்தில் எங்களை வேலைக்கு விட மாட்டார்கள். தன் ஆட்களுக்கு நல்ல பைப்பும் மற்றவர்களுக்கு ஓட்டைப் பைப்பும் போட்டுவிடுவோம் என்ற பயம். வீட்டுக்காரி இருக்கிறா என்று சொல்லியிருந்தால் என்னை உடுப்பிட்டிக்கு அனுப்பியிருப்பார்கள், அங்கேயும் இந்தக் காசில் அரசாங்க விடுதிகள் திருத்துகிறார்கள். வேலை என்ற சாட்டிலாவது உம்மைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் நீர் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே வாய் கைத்தது.

கதவைத் தட்டினால் ஓவசியர் அறிவார். ஆனால் காலையில் பேக்கரியிலிருந்து பாண்காரனின் ஓட்டோ வந்ததும் நீங்கள் எல்லோரும் மாடியிலிருந்து கயிற்றில் பனையோலை உமல் இறக்குவீர்கள்தானே. நீர் உமலில் காசு போட்டு இறக்க, அவன் பாணை வைக்க, நான் பக்கத்தில் நின்று இதைப் பாணுக்குக் கீழே வைத்துவிடுகிறேன். பாண்காரனிடம் சொல்லிவிட்டேன். சிரிக்கிறான்.

உம்முடைய
ஜெரிசன்

*

மூன்றாம் மாடி,
செப்டம்பர் 15

ஜெரிசனுக்கு,

சூடான பாணுக்குக் கீழே கடிதம் வைத்தால் மை ஊறும் என்று இத்தனை வயதில் தெரியாதா? "வாய் கைத்தது" என்ற இடம் பாணில் பதிந்திருக்கிறது. அந்தத் துண்டைத் தின்றுவிட்டேன்.

கோபம் போகவில்லை. குறைந்திருக்கிறது. ஒரு மனிதன் மனைவியைப் பார்க்க, மனைவி இல்லை என்று சொல்லிக்கொண்டு வருவானா? இதை நீங்கள் மட்டும்தான் செய்வீர்கள். கட்டிடம் முழுக்கச் சனத்துக்குத் தெரியும், ஓவசியருக்கு மட்டும் தெரியாது. ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் பைப் முடியும் வரை பேசமாட்டா.

நேற்றுப் பின்சுவரில் பலகைத் தட்டில் நின்று வேலை செய்ததை யன்னலால் பார்த்தேன். மெலிந்து போனீர்கள். முழங்கையில் காயம் கிடக்கிறது, மருந்து போடுங்கள். மத்தியானம் உமல் இறங்கும். மீன் தீயலும் சோறும் வரும். மற்ற வேலையாட்கள் கேட்டால், மூன்றாம் மாடிப் பெண் ஏழைகளுக்கு இரங்குகிறவ என்று சொல்லுங்கள்.

வசந்தினி

*

கீழ்மாடி,
ஒக்டோபர் 27

அன்பு வசந்திக்கு,

உமலில் வருகிற சாப்பாட்டால் வயிறு சரியாகிவிட்டது. சுபாஸ், "மூண்டாம் மாடி அக்கா எனக்கு ஏன் இரங்கிறா இல்லை?" என்று தினமும் கேட்கிறான்.

இன்று நீர் முன்பள்ளிக்குப் போயிருந்தபோது நாங்கள் வீட்டுக்குள் வேலைக்கு வந்தோம். நீர் கதவுத் திறப்பை ஓவசியரிடம் கொடுத்திருந்தீர். என் சொந்த வீட்டுக்குள் அவருக்குப் பின்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தேன். மாமாவின் அறையில் கட்டில் இல்லை. ஆனால் குசினியிலிருந்து சுவரோரமாக அவரின் தலைமாட்டுக்கு நான் இழுத்துவிட்ட சின்னப் பைப்பும், அந்தப் பித்தளைக் குழாயும் அப்படியே இருக்கின்றன. அவரைப் படுக்கையிலேயே குளிப்பாட்ட நீர் வாளி தூக்கித் தூக்கி முதுகு பிடித்துப் போனபோது போட்டது. திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது.

"உதை ஆர் போட்டது? சட்டத்துக்கு மாறான வேலை. வெட்டி எறியும்" என்றார் ஓவசியர். தெரியாது என்றேன். அந்த வீட்டைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய். உம்மைக் கேட்காமல் வெட்டக் கை வரவில்லை, அதனால் பைப் வெட்டுகிற வாள் மொட்டை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்ன செய்ய?

உம்முடைய
ஜெரிசன்

*

மூன்றாம் மாடி,
ஒக்டோபர் 28

அன்புள்ள ஜெரிசனுக்கு,

வெட்டுங்கள். அது அப்பாவுக்காகப் போட்டது. அவருக்கு இப்போது தேவையில்லை.

ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வெட்டுங்கள். நீங்கள் போன பிறகு, உங்களை நான் திட்டும் போதெல்லாம் அப்பா அந்தக் குழாயைத் திறந்து விடுவார். தண்ணீர் நிலமெல்லாம் ஓடும். நான் திட்டுவதை விட்டுவிட்டுத் துடைக்கப் போவேன். "உவன் போட்டது, என்ன மாதிரி ஓடுது பார்" என்பார். கடைசி நாட்களில் பேச்சு இல்லாத போதும் கை அந்தக் குழாயில்தான் இருந்தது. இதை உங்களிடம் சொல்ல எத்தனை முறை போனைக் கையில் எடுத்தேன் தெரியுமா?

பித்தளைக் குழாயை மட்டும் எறியாமல் கழுவி உமலில் போட்டு விடுங்கள்.

வசந்தி

*

கீழ்மாடி,
நவம்பர் 24

என் அன்பு வசந்திக்கு,

மழை விடாமல் பெய்கிறது. கூரை ஒழுகவில்லை, நான்காம் மாடிச் சனம் எங்களுக்கு வடை சுட்டுத் தந்தார்கள். கட்டிடம் முழுக்க முடிந்துவிட்டது, மரியநாயகி அக்காவின் குளியலறைப் பைப் மூட்டும் அதற்குக் கீழே உம்முடைய குசினி மூலையும் மட்டும் மிச்சம்.

நேற்று ஓவசியர் எங்களைக் கூப்பிட்டார். வேலை நன்றாக நடந்ததால் யாழ்ப்பாணத்தில் நிரந்தரமாக ஒரு பராமரிப்புக் குழு வைக்கப் போகிறார்களாம். "இஞ்சை குடும்பம் இருக்கிற ஆக்களுக்குத்தான் முதலிடம். ஆருக்கு இருக்கு? கையை உயர்த்துங்கோ" என்றார். என் கை பாதி எழும்பியது வசந்தி. அப்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "ஜெரிசன், உமக்குத்தான் ஒருத்தரும் இல்லையே. நீர் வவுனியாவுக்கே போகலாம்" என்றார். உயர்த்திய கையால் தலையைச் சொறிந்தேன்.

இப்போது போய்ப் பொய் சொன்னேன் என்றால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், உம்மிடம் கேட்காமல் "எனக்கு வீட்டுக்காரி இருக்கிறா" என்று எப்படிச் சொல்வேன்? நீர் இல்லை என்று சொல்லிவிட்டால்? மாத முடிவுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் அடுத்த மாதம் லொறியில் ஏற வேண்டியதுதான்.

நான் ஏறவா, நிற்கவா? நீர் சொல்வதைக் கேட்பேன்.

உம்முடைய
ஜெரிசன்

*

மூன்றாம் மாடி,
நவம்பர் 28

இஞ்சாருங்கோ,

இன்று காலை ஓவசியர் உங்களைக் கூப்பிட்டு, இனி இந்தக் கட்டிடத்தில் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது, திங்கட்கிழமை உடுப்பிட்டி வேலைக்குப் போகும்படி சொல்லியிருப்பார். என்ன நடந்தது என்று தெரியாமல் முழுசிக்கொண்டு நிற்பீர்கள். உங்களை நிற்பாட்டச் சொன்னது நான்தான்.

நேற்று மழைக்குள்ளேயே குடையைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மரியநாயகி அக்காவும் வந்தா. "ஐயா, உங்கடை பைப் வேலைகாரர் ஜெரிசன் என்ரை வீட்டுக்காரர். சட்டப்படி அவர் எங்கடை கட்டிடத்திலை வேலை செய்ய ஏலாது, எடுத்துவிடுங்கோ" என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உந்தக் கட்டிடத்திலை இவ்வளவு சனம் இருக்கு, ஒருத்தரும் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லையே!" என்று பாய்ந்தார். மரியநாயகி அக்கா கொஞ்சமும் அசையாமல், "எங்கடை பைப் முடியட்டும் எண்டு பாத்தனாங்கள் ஐயா. ஆனா இந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பார்க்க ஏலாமல் போச்சு. என்ரை குளியலறை கிடக்கட்டும்" என்றா.

அவர் கத்தினார். கத்தட்டும் என்று நின்றேன். பிறகு தானாகச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். பொய் சொன்னதற்கு உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு முடிந்தது. "குடும்பம் இருக்கெண்டால் நிரந்தரக் குழுவிலை பேரைப் போடுறதுக்கென்ன" என்று, என் கண்ணுக்கு முன்னாலேயே உங்கள் பெயரை எழுதினார். உடுப்பிட்டிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வரலாம். இனி நீங்கள் இந்தக் கட்டிடத்துக்கு வேலைக்காரராக வர ஏலாது.

ஏறவா, நிற்கவா என்று கேட்டீர்கள். உங்களோடு கோபித்துக்கொண்டு இருந்து எனக்கு அலுத்துவிட்டது. இந்த வீடு எனக்குத் தனியப் பெரிது. அப்பாவின் அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. நத்தாருக்கு அங்கே பாலன் குடில் வைப்போம்.

புறப்படும்போது ஓவசியர் கேட்டார்: "தங்கச்சி, அப்ப உம்மடை குசினிச் சொட்டு? வேறை ஒருத்தரை அனுப்பட்டோ?"

"வேண்டாம் ஐயா. எங்கடை வீட்டிலை ஆள் இருக்கு" என்றேன்.

இதுதான் நான் இறக்குகிற கடைசி உமல். நாளைக் காலை பாண்காரன் எவ்வளவு கத்தினாலும் கயிறு இறங்காது. பாணை நீங்களே வாங்கிக்கொண்டு படியேறி வாருங்கள். இரண்டு பேருக்குக் காணக்கூடியதாக வாங்குங்கள்.

உங்கள்
வசந்தி