நீங்கள் கவிழ்த்துவைத்த சீட்டு

மதினி,

பத்து நாளுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் போனில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோந்த்வாவில் உங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தில் இருக்கிறீர்கள். இங்கே போனுக்குள் நம் போக்கர் மேசையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அந்தப் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே கீழ்வீட்டு மராத்திக்கார அம்மா, நம் காக்கு, போன் செய்தாள். "வஹினி ஆல்யா?" என்று மட்டும் கேட்டாள். மதினி வந்திருக்கிறாளா என்று. பேயைக் கண்டவள் குரல்.

யார் என்று பார்த்துவிடலாமென்று நானும் உட்கார்ந்தேன். காக்கு தன் சீட்டைக் காட்டிவிட்டுக் காத்திருந்தாள். உங்கள் பெயரில் இருந்த ஆசாமி, ஜெயிக்கிற கையை வைத்துக்கொண்டு கடிகாரம் கடைசி வரை ஓடும் வரைக்கும் அசையவில்லை. காக்கு ஜெயித்துவிட்டதாக நம்பத் தொடங்கிய பிறகு சீட்டைத் திறந்தான். அதோடு விட்டானா? அவள் படத்தின் மேல் ஒரு தக்காளியை எறிந்தான். பொம்மைத் தக்காளிதான். அது அவள் முகத்தில் உடைந்து வழிந்தது. எறிந்த இடத்தில் உங்கள் பெயர் இருந்தது. உங்கள் போனை எடுத்துக்கொண்டு போனவன் உங்கள் மகன் சரவணன் ஒருத்தன்தான்.

வேடிக்கை என்னவென்றால் நமக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்ததே அவன்தான். காலேஜ் விடுமுறையில் வந்து சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடியபடி. நடுவில் ஐந்து, எல்லாருக்கும் பொது. கை தேறாது என்று பட்டால் இரண்டையும் கவிழ்த்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். காசு வைத்து ஆடினால் மேசையைத் தூக்கி வெளியே போடுவேன் என்று நீங்கள் சொன்னதால் ராஜ்மா கொட்டைகளை வைத்து ஆடினோம். ஒரு வாரத்தில் ஆட்டம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அவன் சொல்லித்தராத சட்டங்களெல்லாம் அதற்குப் பிறகு உங்களிடமிருந்து வந்தவை.

"ஜெயிச்சிட்டோம்னு தெரிஞ்சா உடனே காட்டிரணும் ட்டீ. அடுத்தவளக் காக்கவச்சுக் காட்டுதது கேவலம்."

சீட்டை வீசினால் திட்டு விழும். "மேசை என்ன கச்ரா டப்பாவா, குப்பையக் கொட்ட?" கவிழ்த்தவள், மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. சேவ் தின்ற கையால் சீட்டைத் தொடக் கூடாது. ஜெயித்த சூட்டோடு எழுந்து ஓடக் கூடாது. டயாலிசிஸ் ஆரம்பித்து, நீங்கள் மேசைக்கு வர முடியாமல் போய், மூன்று பேரும் போனில் ஆடத் தொடங்கியபோதும் ஒன்றையும் விட்டுவிடவில்லை. வரும்போது நமஸ்காரம். யார் ஜெயித்தாலும் "நல்லா ஆடினே". எழுந்திருக்கும்போது "போயிட்டு வாரேன்". யாரும் பார்க்காத இடத்தில் யாருக்கு இந்த மரியாதை என்று காக்கு ஒருமுறை கேட்டதற்கு, "நான் பாக்கேன்லா" என்றீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. அந்த விடுமுறையிலேயே ஒருநாள் நீங்கள் கவிழ்த்துவைத்த சீட்டைச் சரவணன் எட்டித் தூக்கப்போனான். என்ன வைத்திருந்தீர்கள் என்று பார்க்கிற ஆர்வம்தான். பட்டென்று உள்ளங்கையைச் சீட்டின் மேல் வைத்து அழுத்தினீர்கள். "காட்டணும்னா நானே காட்டிருப்பேன்லா." அவ்வளவுதான் சொன்னீர்கள். விடுமுறை முடியும் வரைக்கும் அவனை ஆட்டத்தில் சேர்க்கவில்லை.

பாணேரில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். போனில் திட்டினால் அவனுக்கு உறைக்காது. சனிக்கிழமை மத்தியானம், சிநேகிதர்கள் இரண்டு பேரோடு போக்கர் நடந்துகொண்டிருந்தது. பச்சைத் துணி விரித்த மேசை, கனமான காய்கள், சாமான் எல்லாம் ஒசத்தி. ஒருத்தன் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்தான். அவன் கவிழ்த்துவிட்டு, "என்கிட்ட ரெண்டு ராஜா இருந்துச்சுடா" என்று ஆட்டம் நடக்கும்போதே புலம்பினான். இன்னொருத்தன் எண்ணெய் விரலால் சீட்டைப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தான். தோற்றவனைப் போனில் படம் பிடித்தார்கள். படித்து, கம்பெனியில் ஆட்களை மேய்க்கிற பிள்ளைகள். அந்த மேசையில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரவணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அரே அத்தே, அது ஃப்ரீ சிப்ஸ். பைசா ஒண்ணும் இல்ல" என்றான். "அம்மா ஐடி லெவல் எவ்ளோ மேல இருக்கு தெரியுமா? அப்படியே விட்டா பேகாரா, வேஸ்டா போகும்."

"உங்க அம்மா பேருல தக்காளி எறிஞ்சியேடா."

"ஜோக் அத்தே. காக்கு சிரிப்பாங்கன்னு நெனச்சேன்."

அவன் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. உன் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு தெருவில் ஆடுவாயா என்று கேட்டேன். அந்த ஐடியை அழித்துவிடு என்றேன். தலையாட்டினான். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி போனை நீட்டினான்.

"இதுல பழைய கையெல்லாம் இருக்கு அத்தே. அம்மா ஃபோல்ட் பண்ணி கவுத்து வச்ச சீட்டும் தெரியும். உங்ககூட ஆடின லாஸ்ட் கை பாக்கறீங்களா?"

போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கை என்னைப் படுத்துகிற பாடு உங்களுக்குத் தெரியாது. என்னிடம் ஒரு ஜோடி நாலுதான், அற்பமான கை. அதை வைத்துக்கொண்டு, இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினேன். நீங்கள் ரொம்ப நேரம் யோசித்தீர்கள். கவிழ்த்தீர்கள். "நல்லா ஆடினே ட்டீ. போயிட்டு வாரேன்." பதில் எழுதுவதற்குள் உங்கள் விளக்கு அணைந்துவிட்டது. அந்த வாரமே ஆஸ்பத்திரி, பிறகு நீங்கள் திரும்பவில்லை. இத்தனை வருஷத்தில் உங்களை மொத்தமாக ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். உண்மையிலேயே ஜெயித்தேனா, போகிற நேரத்தில் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போனீர்களா என்று கேட்க ஆளில்லை.

மறுநாள் காலையில் சரவணனிடமிருந்து செய்தி வந்தது. "டிலீட் பண்ணிட்டேன் அத்தே. சாரி. இது மட்டும் உங்களுக்கு. அம்மாவோட லாஸ்ட் கை." கீழே ஒரு படம். இன்னும் இறங்கவில்லை, கலங்கலாக இருந்தது. இரண்டு வெள்ளைச் சதுரங்கள் தெரிந்தன. ஒன்றில் சிவப்பாக ஏதோ இருந்தது. ஒருமுறை தொட்டால் போதும், தெளிந்துவிடும்.

விரல் அதன் மேல் போய் நின்றது. பார்க்க ஆசை இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை நாள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தது எதற்காக? உங்கள் பெயரை எடுத்ததற்காக. இப்போது நான் உங்கள் சீட்டை எடுக்கலாமா? அழித்துவிட்டேன் மதினி. அழித்த பிறகு வெகுநேரம் அழுதேன்.

இந்த ஞாயிறு காக்கு மேலே வருகிறாள். இனி போன் வேண்டாம், மேசையிலேயே ஆடுவோம் என்று சொல்லிவிட்டாள். ராஜ்மா டப்பாவை இறக்கிவைத்திருக்கிறேன். அந்தக் கையில் உங்களிடம் என்ன இருந்தது என்று தெரியாமலேதான் இனி நான் ஆட வேண்டும். அது உங்கள் சீட்டு, உங்களோடு இருக்கட்டும்.

அன்றைக்கு எழுதாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன். நல்லா ஆடினீங்க மதினி.