கரி கக்குத நட்சத்திரம்

ஆனி பத்து, வெள்ளிக்கெழம.

எம்மக செல்விய பொண்ணு பாக்க செங்கோட்டையிலருந்து வந்தாவ. குத்தாலத்துல தண்ணி விழுதான்னுதான் பேச்சே ஆரம்பிச்சுது. பொறவு மாப்பிள்ளையோட அம்மா, "நீ என்ன ஆராய்ச்சி தாயி பண்ணுத?"ன்னு கேட்டாவ.

"சாகப்போற நட்சத்திரம் கரியக் கக்கும் அத்தை. கண்ணுக்குத் தெரியாத அதோட சூட்டு வெளிச்சத்த வச்சு, அது எந்த மாதிரி கரின்னு கண்டுபிடிப்பேன்"ன்னா செல்வி.

அந்தம்மா எடுத்த அல்வாவத் தட்டுலயே வச்சிட்டாவ. "நல்ல காரியத்துல சாவுப் பேச்சா?"

நான் சமாளிக்கேன்னு அடுப்புக்கரில ஆரம்பிச்சு, எங்கெங்கயோ சுத்தி, சுடுகாட்டுச் சாம்பல்ல வந்து நின்னேன். எல்லாரும் எந்திரிச்சிட்டாவ. பையன் மட்டும் வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தான். செல்விக்கும் அவனப் பிடிச்சுதான் இருந்துச்சு.

"நீங்க சும்மா இருந்திருக்கலாம்ப்பா"ன்னுட்டு தம்ளர் கழுவப் போனா. நாலு தம்ளருதான். கொழாய்ச் சத்தம் இன்னும் நிக்கல.