டிக்கியில் இடமில்லை

உங்கள் வூஃபர் பெட்டியை நேற்று காரிலிருந்து கழற்றினார்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் டிக்கி விரிப்பு வெளுக்காமல் கறுப்பாகவே இருந்தது. அதன் ஓரத்தில் ஏழெட்டுப் புழுங்கலரிசி. பெட்டி வருவதற்கு முந்தைய அறுவடையில் அம்மா ஏற்றிவிட்ட மூட்டையிலிருந்து சிந்தியவை. கடைக்காரர் பிரஷ்ஷால் தட்டப் போனார். வேண்டாம் என்று சொல்லிப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அப்போதிருந்து உங்களிடம் பேச வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நடுவில் பாட்டுச் சத்தத்தை உங்களால் இனிக் கூட்ட முடியாது என்பதால் இப்போதுதான் முழுதாகச் சொல்ல முடிகிறது.

இதே கடைக்குத்தான் ஆறு வருடத்துக்கு முன் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். பழைய கார், அதில் இருமுகிற ஸ்பீக்கர்கள். கையில் இருந்தது பதினைந்தாயிரம். கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"சார், இந்த பட்ஜெட்டுக்கு முன்கதவு ரெண்டுக்கும் நல்ல ஸ்பீக்கரா போட்டுக்குங்க. ஒரு சாதாரண ஸ்டீரியோ செட்டு. கதவு அதிராம உள்ள ஷீட் ஒட்டித் தர்றேன். பெட்டியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. மூலையில் காட்சிக்கு வைத்திருந்த பெரிய பெட்டியையும், அதைச் சுற்றி எரிந்த நீல விளக்கையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் ஆபீஸ்காரர் ஒருவரின் காரில் அப்படி ஒன்று இருந்தது. அவர் ஆபீஸ் கேட்டுக்குள் நுழைந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்று வீட்டில் வந்து நாலு தடவை சொல்லியிருக்கிறீர்கள். பாட்டு கேட்க ஆசைப்பட்டவர் இல்லை நீங்கள். நீங்கள் வருவது ஊருக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அறுப்பு முடிந்தால் அம்மா வீட்டு அரிசியை எங்கே வைப்பது என்று கேட்டேன். வருடம் முழுக்க அரிசியா ஏற்றப் போகிறோம் என்று சிரித்தீர்கள். கடைக்காரரையும் சிரிக்க வைத்தீர்கள். பணம் பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் போய்விட்டது. முன்கதவில் கிழிந்த பழைய ஸ்பீக்கர்களே தங்கிவிட்டன. அதனால் ஆறு வருடமாக நம் காரில் யார் பாடினாலும் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு பாடுவது போலத்தான் இருந்தது. சொன்னேன். நீங்கள் வால்யூமைக் கூட்டினீர்கள்.

அந்த அரிசி எனக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரியாமல் இல்லை. நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று தம்பிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது பக்கத்தில் நின்றவர் நீங்கள்தான். அதற்குப் பிறகு பிறந்த வீட்டில் என்னுடையது என்று மிச்சமிருந்தது வருடத்துக்கு ஒரு சிப்பம், இருபத்தைந்து கிலோ அரிசி. அம்மா நெல்லை அவித்து, காயவைத்து, அரைத்து, புடைத்து, கோணி ஊசியால் தானே வாய் தைத்து வைப்பாள்.

பெட்டி வாங்கிய அந்தத் தை மாதம் மன்னார்குடி தாண்டி அம்மா வீட்டு வாசலில் கார் நின்றது. தம்பி சிப்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். நீங்கள் டிக்கியைத் திறந்தீர்கள், பெட்டியைக் காட்டுவதற்காக. பாட்டைப் போட்டீர்கள். அறுத்த வயலில் மேய்ந்த வாத்துக் கூட்டம் சிதறி ஓடியது. அம்மா பாட்டு அடங்கும்வரை காத்திருந்து கேட்டாள்.

"மாப்பிள்ளை, இத எங்க வைக்கட்டும்?"

"டிக்கியில எடம் இல்லிங்க அத்தை. அரிசிதானே, தஞ்சாவூர்ல கெடைக்காததா?"

பின்சீட்டில் புது உறை போட்டிருந்தீர்கள், அதுவும் அழுக்காகிவிடுமாம். அம்மா மூட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே கொண்டுபோகச் சொன்னாள். நான் காரில் உட்கார்ந்திருந்தேன். இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து உங்கள் மேல்தான் வைத்திருக்கிறேன். நியாயமில்லை என்று தெரியும். இருக்கட்டும்.

மறு வருடத்திலிருந்து அம்மா ஒரு மஞ்சள் பையில் ஐந்து கிலோ கொடுக்க ஆரம்பித்தாள். மடியில் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். ஒரு தடவைகூட அதில் என்ன என்று நீங்கள் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் உங்கள் பக்கம் சொல்ல வேண்டும். வெண்ணாற்றங்கரையில் மழைக்கு ஒதுங்கி நின்ற அன்று நாகஸ்வரம் போட்டீர்கள். தவில் நெஞ்சுக்குள் வந்து இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். எப்படி என்று கேட்டீர்கள், "ம்" என்றேன். நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்வது இன்றைக்கும் எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நேற்று கடைக்காரரிடம் என்னிடம் பன்னிரண்டாயிரம்தான் இருக்கிறது என்றேன். "அன்னிக்கே சார்கிட்ட சொன்னேன்க்கா" என்று ஆரம்பித்தவர், செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்று நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. முன்கதவுக்கு இரண்டு ஸ்பீக்கர், ஒரு சாதாரண செட், கதவுக்கு ஷீட், பெட்டி வேண்டாம் என்றேன். முடித்துப் பாட்டைப் போட்டார். வரி தொடங்குமுன் பாடுகிற பெண் மூச்சு இழுப்பது கேட்டது. ஆறு வருடமாக அவள் மூச்சு விட்டுக்கொண்டுதான் பாடியிருக்கிறாள்.

இன்று காலை நேரே அம்மா வீட்டுக்குப் போனேன். அறுப்பு முடிந்து நான்கு நாள். டிக்கியைத் திறந்து, காலியாக இருக்கிறது, ரெண்டு சிப்பம்கூட வைக்கலாம் என்றேன். அம்மா குனிந்து உள்ளே வெகுநேரம் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய் அதே மஞ்சள் பையோடு வந்தாள். வாய் தைத்திருந்தது.

"மடியில வச்சுக்கிற அளவுக்குத்தாம்மா இப்பல்லாம் அவிக்கிறது. மிச்ச நெல்லத் தம்பி களத்துலயே வித்துட்டான்."

அவ்வளவு பெரிய டிக்கியில் அந்தப் பை உருண்டுவிடும். இடது சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினேன். தஞ்சாவூர் வரை பாட்டுப் போடவில்லை.

உங்கள் பெட்டியைக் கழற்ற அரை மணி நேரம் ஆனது. அரிசி அளக்கும் அம்மாவின் கையிலிருந்து அதைக் கழற்ற எத்தனை அறுவடை வேண்டும் என்று தெரியவில்லை. அவளுக்கு எழுபத்தெட்டு வயது.