விலா எலும்பு வைத்த சம்பந்திக்கு

அத்-பாஷி,
மே 12

சம்பந்தியம்மா பூபுஷுக்கு, சைராகுல் எழுதுவது.

இங்கே ஆடு, மாடு, கிழவர் எல்லாரும் நலம். உங்கள் வீட்டு நலத்தைக் கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

கல்யாண விருந்தில் என் வயதுக்கு வால்பக்கத்துச் சப்பை எலும்பு வைக்கவேண்டிய தட்டில் சிறுசுகளுக்கு வைக்கிற விலா எலும்பை வைத்தீர்கள். இனி உங்களோடு பேசமாட்டேன் என்று அன்றே சபதம் செய்தேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு என் மகள் மீரிமின் வயிற்றைக் கிழித்தார்களாம், தையலில் சீழ் பிடித்ததாம், ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லையாம். மருமகன் போனில் அழுகிறான். அழுதால் சீழ் வற்றுமா?

கிழவருக்கும் ஆட்டுமயிர் கத்தரிக்கையில் கை கிழிந்து வீங்கியது. மருந்துக்கடை மாத்திரைக்கு உடனே வற்றிவிட்டது. மீதியை அவருக்குக் கொடுக்காமல் எடுத்துவைத்து, கார்க்காரன் மாரத்திடம் அனுப்புகிறேன். மீரிமுக்குக் கொடுங்கள். சனிக்கிழமை இறைச்சி வேகவைத்துக்கொண்டு நானும் வருகிறேன். நோயில் கிடக்கிற மகளைத் தாய் பார்க்காமல் இருப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

சைராகுல்


பிஷ்கெக்,
மே 15

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

பேரன் நம் வீட்டில் நலம். பால்மாவு குடிக்கிறான். உங்களைப் போலவே முறைக்கிறான்.

மாத்திரையை டாக்டரம்மாவிடம் காட்டினேன். "இது வீட்டுல பிடிக்கிற கிருமிக்குக் கேக்கும்மா. இவளுக்குப் பிடிச்சது வார்டுக் கிருமி. எல்லா மருந்தையும் பாத்துப் பாத்து மரத்துப்போனது" என்றார். சீழை எடுத்துக் கிண்ணத்தில் வளர்த்து, ஒவ்வொரு மருந்தாக வைத்துப் பார்த்தார்களாம். அது பாட்டுக்குப் பரவியதாம். ஒரே ஒரு மருந்துக்குத்தான் ஒதுங்கியது. அதைத்தான் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள்.

"மீதி மாத்திரை ஏது?" என்றார். சொன்னேன். "பாதியில நிறுத்தினா மிஞ்சின கிருமி பாடம் படிச்சுக்கும். அப்புறம் வீட்டுக் கிருமியும் வார்டுக் கிருமி மாதிரி ஆயிடும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். திருப்பி அனுப்புகிறேன். கிழவர் கையை ஊர் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. கோபித்துக்கொள்வீர்கள். சனிக்கிழமை வரவேண்டாம். மீரிம் தனி அறையில் இருக்கிறாள். கட்டிப்பிடித்து முத்தமிட்டால் கிருமி நம் கையோடு அடுத்த கட்டிலுக்கும் போகும், அத்-பாஷிக்கும் வரும். நானும் உள்ளே போவதில்லை. பிள்ளையை மகனிடம் விட்டுவிட்டு, கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே நுழைகிற எவரையும், "கை கழுவினீங்களா?" என்று கேட்கிறேன். நர்ஸுகள் எனக்குக் காவல் நாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும், குரைக்கிறேன்.

பூபுஷ்


அத்-பாஷி,
மே 18

சம்பந்தியம்மாவுக்கு,

பெற்றவளையே வராதே என்று சொன்ன சம்பந்தியை நான் கேள்விப்பட்டதில்லை. விலா எலும்புக்குப் பக்கத்தில் இதையும் வைத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தும் பாத்திரத்தோடு காரில் ஏறி உட்கார்ந்தேன். பிறகு நீங்கள் காவலிருக்கிற அந்தக் கதவு நினைவுக்கு வந்தது. கல்யாணத்தன்று இரண்டு படி ஏறவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியவர் நீங்கள்.

"எறங்குறேன்டா" என்றேன்.

"என்ன ஆத்தா, சம்பந்திக்குப் பயந்துட்டியா?" என்றான் மாரத்.

"வாய மூடிட்டு வண்டிய ஓட்டு. கறி ஆறிடும்."

இறைச்சி உங்களுக்கு. கை கழுவிவிட்டுத் தின்னுங்கள்.

கிழவர் கை மறுபடி வீங்கிவிட்டது. டாக்டர் முதலிலிருந்து மாத்திரை கொடுக்கச் சொன்னார். இப்போது கிழவர், "ஆறிடுச்சுடி, போதும்" என்கிறார். "ஆறினது கைதான். உள்ள ஒண்ணு ஒக்காந்து பாடம் படிக்குது. முழுங்குங்க" என்று எதிரிலேயே நிற்கிறேன். கடைசி மாத்திரை வரைக்கும் நிற்பேன்.

நீங்கள் குரைப்பதை நிறுத்தாதீர்கள்.

சைராகுல்


பிஷ்கெக்,
ஜூன் 3

சம்பந்தியம்மாவுக்கு,

மீரிம் வீட்டுக்கு வந்துவிட்டாள். காய்ச்சல் இல்லை. தையல் காய்ந்துவிட்டது. "அம்மா ஏன் வரல? கோவமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "கோவந்தான். உன் மேல இல்ல, கிருமி மேல" என்றேன்.

பிள்ளையின் நாற்பதாம் நாள் விருந்தை அத்-பாஷியில் வைக்க ஆசைப்படுகிறாள். நானும் வரலாமா?

அந்த விலா எலும்பை வைத்தது என் நாத்தனார். என் வீட்டுத் தட்டாயிற்றே, பழியும் எனக்குத்தான் என்று இத்தனை நாள் நான் வாய் திறக்கவில்லை.

பூபுஷ்


அத்-பாஷி,
ஜூன் 6

சம்பந்தி பூபுஷுக்கு,

வாருங்கள். கொழுத்த ஆடாக ஒன்றை ஒதுக்கிவிட்டேன். சப்பை எலும்பு உங்கள் தட்டுக்குத்தான். நாத்தனாரின் பெயரை எழுதி அனுப்புங்கள், மறக்கமாட்டேன்.

சபதத்தை முறிக்கிற வழக்கம் எனக்கில்லை. விருந்துக்கு முன் உங்கள் கையில் நானே தண்ணீர் ஊற்றுவேன். "நல்லா தேய்ச்சுக் கழுவுங்க" என்று மட்டும் சொல்வேன்.

அது பேச்சில் சேராது.

சைராகுல்