பிளக்கைப் பிடுங்கிய ஆயுத பூஜை

செப்டம்பர் 27, சனி

எங்க பூதலூர் கடைக்குப் புது கம்ப்யூட்டர். சாமானைச் சேர்த்து நானே பூட்டிவிட்டேன். கேமரா ரெண்டும் இனி இதில்தான் பதிவாகும். சாமான் கொடுத்த கும்பகோணம் அப்துல் ரஹ்மான் பாய் போனில் சொன்னார்: "மதர்போர்டு ரொம்ப நாள் ஸ்டாக்குல கிடந்ததும்மா. அதுல இருக்குற பட்டன் பேட்டரியைப் பாத்துடுங்க. ஒரு ராத்திரி பிளக்கைப் பிடுங்கி வைங்க. காலைல தேதி நிக்குதான்னு பாருங்க." பார்க்கலாம். ஜெராக்ஸுக்கு ஆள் நிற்குது.

செப்டம்பர் 29

கொழுந்தன் ராஜ்குமார் குடித்துவிட்டு வந்து ஷட்டரை உதைத்தான். கடை மனை முழுசும் அவனுக்கு வேணுமாம். "அண்ணி, உன் புருசனைக் கொன்னுட்டாவது எடுத்துக்குவேன்." நாலஞ்சு வருசம் முன்னாடியும் இதே வாசலில் இதே அடிதடி, அப்புறம் ஊர்ப் பெரியவங்க சமாதானம். சமாதானமாம், மண்ணாங்கட்டி!

அக்டோபர் 1, ஆயுத பூஜை

கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்ததை இன்னைக்குத் தொடக் கூடாதே, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். எனக்கும் பொட்டு வை என்று குந்தவை நெற்றியைக் காட்டினாள். என் மகளுக்கு வயசு மூணு, வாய் முப்பது.

அக்டோபர் 2

காலையில் போட்டதும் தேதி தப்பு என்று திரையில் ஏதோ வந்தது. அப்புறம் பார்த்துக்கலாம் என்று தட்டிவிட்டேன்.

சாயங்காலம் ராஜ்குமார் கடப்பாரையோடு வந்தான். என் வீட்டுக்காரர் கையைக் குறுக்கே நீட்டினார் — எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. விழுந்தவரை மண்டையில திரும்ப அடிச்சான். ரத்தம் கொடகொடன்னு. ஸ்டூலைத் தூக்கி அவன் முதுகுல போட்டேன். இன்னும் நாலு போட்டிருக்கணும். பாவி, சண்டாளப் பாவி!

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. இவர் இன்னும் கண் திறக்கலை.

அக்டோபர் 3

ஸ்டேஷனில் பதிவைப் போட்டுக் காட்டினேன். படத்தின் மூலையில் தேதி 1-1-2021.

எஸ்.ஐ. பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்தார். "இது அந்தப் பழைய சண்டைம்மா. நேத்து உங்க வீட்டுக்காரர் மாடிப்படியில விழுந்தாருன்னு ராஜ்குமார் சொல்றாரு." அவன் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறான்! அந்தப் பல்லை உடைக்கணும்.

வந்ததும் பேட்டரியைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். மூணு வோல்ட் இருக்க வேண்டியது, ஒண்ணரைகூட இல்லை. பிளக்கைப் பிடுங்கினதும் தேதி போர்டு செஞ்ச வருசத்துக்கே ஓடிருக்கு. இந்த வில்லைக்குள்ளயா இருந்துச்சு எங்க நியாயம்? பாய் அன்னைக்கே சொன்னாரே — ஏன் பார்க்கலை நான்?

படத்தை மறுபடி மறுபடி ஓட்டினேன். அடியைப் பார்க்க முடியலை. ஓரமாக் கண்ணை வச்சேன். அங்க —

அக்டோபர் 4

குந்தவையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் போனேன். படத்தை நிறுத்தினேன். ஓரத்தில் கல்லா மேல் நின்று ஒரு பிள்ளை அலறுது, நெற்றியில் முந்தின நாள் பூஜைச் சந்தனம்.

"இது யாரு?"

"இவதாங்க. பொறந்தது இருபத்திரண்டுல. நீங்க சொல்ற தேதிக்கு என் வயித்துலகூட இல்லை."

குந்தவை பெஞ்சைப் பார்த்து, "சித்தப்பா அப்பாவை அடிச்சாங்க" என்றாள். அவன் சிரிப்பு நின்றது. சட்டையைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள்.

அக்டோபர் 19

நாளைக்குத் தீபாவளி. இவர் வீட்டுக்கு வந்துட்டார். வலது கை இனி மடங்காது.

மாமியார் அழுதார். "கேஸை வாபஸ் வாங்கும்மா, ரத்த சொந்தம்."

"அந்த ரத்தத்தைக் கழுவினவ நான், அத்தை."

புது பேட்டரி போட்டு நேத்து பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். இன்னைக்குக் காலையில் பார்த்தேன். தேதி நிற்கிறது.