மணிக்கயிறு அவன் கையில்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நான் தையல் கடை வேலைக்குப் போறேன் வர்றேன், அப்பா முட்டிவலியோட மாடி ஏறி இறங்குறார், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மிரட்டிச் சாப்பிட வைக்கிறோம், நலம்னு எழுத மட்டும் இன்னும் கை வரமாட்டேங்குது. நீயும் அப்படித்தான் இருப்பேன்னு தெரியும். உன்கூடத் தங்கியிருக்கிற பொண்ணு எல்லாத்தையும் சொல்லிட்டா, நீ வேலைக்குப் போறதில்ல, அறைக்கதவைத் திறக்கிறதில்ல, வச்ச சாப்பாடு வச்சபடி இருக்குன்னு. அவளைத் திட்டாத, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். போன் பண்ணா நீ எடுக்கிறதில்ல, எடுத்தாலும் தம்பி முகத்தைக் கடைசியா பார்க்க வரமுடியலையேன்னு அதையே சொல்லி அழுதுட்டு வச்சிடுற, அதான் எழுதுறேன், கடிதத்தைப் பாதியில வைக்க உனக்கு மனசு வராது. பிழை இருந்தா திருத்திப் படிச்சுக்கோ, நான் படிச்ச படிப்பு உனக்குத் தெரியும்.

உன் தம்பியோட கூட்டாளிங்க வந்தாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா நம்ம முன்னறை மேசையைச் சுத்தி உட்கார்ந்து பகடை உருட்டிக்கிட்டு, ஆளுக்கொரு வேஷம் எடுத்து வாயாலயே கதை ஆடி, பூதம் குகைன்னு வீட்டையே ரெண்டாக்குவாங்களே, அதே மூணு பேர். மருந்துக்கடையில வேலை பார்க்கிற பொண்ணு, அவதான் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டுக் கதையை நடத்துறவ, வெல்டிங் பட்டறை நெட்டையன், ஒட்டடைக்குச்சின்னு கூப்பிடுவாங்களே அவன், அப்புறம் பள்ளிக்கூட வேன் ஓட்டுறவர். உன் தம்பி போனதுல இருந்து அந்த அறையை நான் பூட்டியே வச்சிருந்தேன். பாதியில நிக்கிற கதையை அவன் மேசையிலயே முடிச்சுக்கிறோம் அம்மான்னு புதன்கிழமை அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு கேட்டா. அது முடிஞ்சா அவனும் முழுசா முடிஞ்சு போயிடுவானேன்னு எனக்குத் தோணுச்சு. முடியாதுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன், அந்த ஒட்டடைக்குச்சி பழக்க தோஷத்துல தன் செருப்பைக் கழட்டி உன் தம்பி செருப்புப் பக்கத்துல ஒழுங்கா விட்டான் பாரு, அதுக்கு மேல நான் என்ன சொல்ல, வாங்கன்னுட்டேன்.

வர்ற பிள்ளைங்களுக்கு அறை நல்லா இருக்கட்டும்னு ஞாயித்துக்கிழமை காலையில திறந்து கூட்டினேன், மேசையில விரிச்சிருந்த பிளாஸ்டிக் விரிப்பு முழுக்கக் கறுப்புக் கிறுக்கலா கிடந்துது, சோப்புத்தண்ணி போட்டுப் பளிச்சுன்னு துடைச்சு வச்சேன். வந்து பார்த்த மூணு பேரும் மரம் மாதிரி நின்னுட்டாங்க. அதுதான் அவங்க மாசக்கணக்கா வரைஞ்சுக்கிட்டு வந்த பாதாள நகரத்தோட வரைபடமாம். எனக்கு உசுரே போச்சு, அவன் கையால போட்ட கோடெல்லாம் அதுலதானே இருந்துது. ஒட்டடைக்குச்சிதான் முதல்ல வாயைத் திறந்தான், நாம இத்தனை மாசமா முட்டி மோதியும் முடியாத பாதாளத்தை அம்மா ஒரே துடைப்புல காலி பண்ணிட்டாங்கடான்னான். அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இந்தக் கதையோட படம் எத்தனை வீட்டுல எத்தனை தடவை அழிஞ்சிருக்கும் அம்மா, கதை அழியாதுன்னு சொல்லி மூணு பேரும் திரும்ப வரைய ஆரம்பிச்சாங்க. இல்லாத ஊருக்குப் போகாத வழின்னு சும்மா சொல்லுவோம், அன்னைக்கு நான் கண்ணால பார்த்தேன். படி இடதுபக்கம்தான், இல்ல வலதுபக்கம், இந்த மூலையிலதானே நீ வழுக்கி விழுந்து அவன் சிரிச்சுக்கிட்டே தூக்கிவிட்டான்னு சண்டை போட்டுக்கிட்டு வரையுறாங்க, நாம பழைய வீட்டு அறைகளைச் சொல்ற மாதிரி. இல்லாத இடத்துல என் பிள்ளை நடந்த தடம் இவ்வளவு பத்திரமா இருக்கேன்னு எனக்கு மேல் சிலிர்த்துப் போச்சு.

டீ கொடுக்கும்போது கேட்டேன், கடை நிறைய புதுப்புதுக் கதை இருக்கும்போது ஏன் இந்த ஒட்டுப்போட்ட பழைய புத்தகம்னு. இது கிளாசிக் அம்மான்னு வேன்காரர் சொன்னார். அப்படின்னா என்ன, பழசா விலை அதிகமான்னேன். அதெல்லாம் இல்லையாம். நகரத்து நடுவுல ஒரு பெரிய மணி தொங்குதாம், எந்த நாட்டுல யார் இந்தக் கதையை ஆடியிருந்தாலும் முதல்ல கேட்டுக்கிறது மணியை அடிச்சீங்களான்னுதானாம், முன்பின் தெரியாதவங்ககூட அதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துடுவாங்களாம். அவர் முன்னாடி வேற கூட்டத்தோட ஆடினப்போ மணி மேல கம்பளியைச் சுத்திட்டு ஓடிட்டாங்களாம், இன்னொரு கூட்டம் கயித்தை அறுத்து எடுத்துக்கிட்டு போயிடுச்சாம். புத்தகம் என்ன இருக்குன்னுதான் சொல்லும், நீ என்ன செய்யணும்னு சொல்லாது அம்மான்னு அந்தப் பொண்ணு சொன்னா. எனக்கு அப்பதான் பிடிபட்டுது. எங்க கடையில நல்ல தையல்காரி தைச்ச சட்டைன்னா உள்ளே துணி மடிச்சு விட்டிருப்பா, அப்புறம் போடுறவங்க உடம்புக்குத் தக்கபடி பிரிச்சு விட்டுக்கலாம், அளவெடுத்தவளே செத்துப்போனாலும் சட்டை உதவும். இதை எழுதின மகராசனும் அப்படித் துணி விட்டுத்தான் எழுதியிருக்கார்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். உன் தம்பி அந்தக் கதையில விளக்குத் தூக்குற ஒரு கிழவனா வருவானாம், கையில விளக்கோட குட்டிப் பொம்மை. கடைசி ஞாயித்துக்கிழமை, மணிக்கயிறு என் கையில இருக்கு, அடிக்கிறேனா இல்லையான்னு அடுத்த வாரம் சொல்றேன், தூங்காம கிடங்கடான்னு சிரிச்சுட்டு எழுந்தானாம். அடுத்த வாரம் வரலையே. அதனால நீங்கதான் சொல்லணும் அம்மான்னு மூணு பேரும் என்னைப் பார்க்குறாங்க. தப்பாச் சொல்லிட்டா என்ன ஆகும்னு பயம் வந்துடுச்சு. அப்புறம் யோசிச்சேன், சின்னதுல எந்த வீட்டு வாசல் மணியைத்தான் அவன் அடிக்காம வந்திருக்கான், அவனோட சேர்ந்து நீயும் தலைதெறிக்க ஓடி வருவியே. அடிப்பான்னு சொன்னேன். சொன்னதும் அடுக்களையில இருந்து டங்குன்னு ஒரு சத்தம். உங்கப்பா, வயசுக்கு வந்த கழுதைங்க பொம்மை வச்சு விளையாடுதுன்னு வாரம் தவறாம கேலி பண்ணின மனுஷன், கரண்டியால தட்டை அடிச்சுக்கிட்டு கதவுகிட்ட நிக்கிறார், கண்ணு நிறைய தண்ணி.

அந்தப் பொண்ணு பக்கத்தைத் திருப்பினா, முகம் மாறிப் போச்சு, புத்தகத்தை மூடிட்டா. படிம்மான்னு நான்தான் சொன்னேன். மணி அடிச்சா பாதாளத்துல மூடிக்கிடக்கிற கதவெல்லாம் திறக்குமாம், உள்ளே மாட்டினவங்க எல்லாரும் வெளியே வரலாமாம், ஆனா மணி ஒலிக்கிற வரைக்கும்தான் கதவு திறந்திருக்குமாம், கயித்தைப் பிடிச்சவன் அங்கேயே நின்னு அடிச்சுக்கிட்டே இருக்கணுமாம். ஒட்டடைக்குச்சி கிழவனை விட்டுட்டு வரமாட்டேன்னான், கயித்துல கல்லைக் கட்டுவோம்னான், அதையும் எழுதினவர் யோசிச்சு வச்சிருக்கார், மனுஷக் கைக்கு மட்டும்தான் அந்த மணி பேசுமாம். எங்கேயோ இருக்கிற யாரோ, என் பிள்ளையைப் பார்த்ததும் இல்ல, இப்படி ஒரு நாள் எனக்கு வரும்னு தெரியவும் தெரியாது, எப்படித்தான் எழுதினாரோ. கும்பிடத் தோணுச்சு. ஒவ்வொருத்தரா அந்தக் குட்டிப் பொம்மைகிட்ட சொல்லிக்கிட்டு வெளியே வந்தாங்க. டேய் கிழவா, என் சாப்பாட்டு மூட்டையை வச்சுட்டுப் போறேன், எப்பவும் திருடித்தானே தின்ப, இன்னைக்கு நானே தர்றேன்னு ஒட்டடைக்குச்சி தேம்பினான். வேன்காரர் அவன் விளக்குல எண்ணெய் ஊத்தினதா மட்டும் சொன்னார்.

எவ்வளவு நேரம் அவன் அடிச்சுக்கிட்டிருப்பான்னு கேட்டேன். அது புத்தகத்துல இல்ல, நாமதான் சொல்லணும் அம்மான்னா அந்தப் பொண்ணு. கடைசி ஆள் வெளியே வர்ற வரைக்கும்னு சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே உன் ஞாபகம்தான் வந்துது.

கடைசி ஆள் நீதான்டி. உன்னை வரலைன்னு இங்க யாரும் குத்தம் சொல்லல, அவனும் சொல்லமாட்டான், அவனுக்கு உன்னைத் தெரியும். அறையை நான் இனிமே பூட்டப்போறதில்ல, படத்தையும் துடைக்கமாட்டேன், அந்தப் பிள்ளைங்க ஞாயித்துக்கிழமை வேற கதை ஆரம்பிக்கிறாங்க, அப்பாவுக்கும் ஒரு பொம்மை கொடுத்திருக்காங்க, திருடனா வரப்போறாராம், இப்பவே மீசையை முறுக்குறார். நீ முதல்ல ஜன்னலைத் திற, தலைக்குக் குளி, சூடா எதையாவது சாப்பிடு, உன்கூடத் தங்கியிருக்கிற பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசு. நீ தீர்க்காயுசா நல்லா இருக்கணும், என் ஆயுசும் சேர்த்து உனக்குத்தான். ஒண்ணு மட்டும் மறந்துடாத, கதவு திறந்துதான் இருக்கு, மணி சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. சீக்கிரம் வெளியே வா கண்ணு, தம்பிக்குக் கை வலிக்கும்.

வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருக்கிற
உன் அம்மா