லேப்டாப்புக்கு அடியில் காற்று

12 மே 1997, திங்கள்

நான் வரைந்து கொடுத்த படத்துக்கு வீட்டு ஆண் ஒருவர் ஏன் சாட்சி சொல்ல வேண்டும்?

லேப்டாப் சூடாகி அரை மணிக்கொரு முறை அணைந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். அடியில் காற்றுப் போக, இடைவெளி விட்டு மெல்லிய ரீப்பர் சட்டங்கள் அடித்த சாய்வுப் பலகை ஒன்று கேட்டிருந்தேன். தச்சர் ஏழுமலை அடியில் ப்ளைவுட் அடித்து மூடிக் கொண்டுவந்தார்.

"சந்து வுட்டா பல்லி பூந்துரும்மா. சார் வரட்டும், அவராண்ட கேட்டுக்கினு எடுக்குறேன்."

இருபது ஆண்டுகளாகப் பௌதிகம் கற்பிக்கிறேன். என் கணவரான அந்தச் சாருக்கு ஆணி அடிக்கவே தெரியாது.

செவ்வாய்

ப்ளைவுட்டை நானே திருப்புளியால் நெம்பி எடுத்தேன். லேப்டாப் இரண்டு மணி நேரம் அணையாமல் ஓடியது. ஏழுமலை வந்து தொட்டுப் பார்த்தார்.

"சூடே காணோமே! சார் ஐடியாவாம்மா?"